மறதி இருக்கட்டும், முதலில் ஸ்கேன் எடுங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 57. மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். இளவயதில் கபடி ஆடும்போது தலை தரையில் மோதி மயங்கி விழுந்தாராம். 41 வயதில் பைக் விபத்து. ஹெல்மெட் போடவில்லை, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதன்பிறகு முன்கோபம் வந்ததே தவிர, கடையை நன்றாகவே பார்த்துக்கொண்டார். இப்போது ஒன்றரை மாதமாக மறதி. கடன் நோட்டில் ஒரே கணக்கை இரண்டு தடவை எழுதுகிறார். வாங்கிய பணத்தை வாங்கவே இல்லை என்று சண்டைக்குப் போகிறார். மத்தியானம் கல்லாவிலேயே தூங்கிவிடுகிறார். இடது கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து வருகிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பழைய அடிகளால் மூளை தேய்ந்துபோகும் என்று மகன் யூடியூப் பார்த்துச் சொல்கிறான். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். டாக்டரிடம் கூப்பிட்டால், 'என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டியா?' என்று கத்துகிறார். மூன்று மாதத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கித் தலையில் லேசாக வீங்கியது, ரத்தம் எதுவும் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். யாரிடம் காட்டுவது? இது குணமாகுமா?

- பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, கடிதத்தில் உங்கள் எண் இருந்ததால் இதழ் அச்சாகும்வரை காத்திருக்காமல், உடனே அழைத்துத் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டோம். அவசரம் ஏன் என்பதை உங்களுக்கும், இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் விளக்கமாக எழுதுகிறேன்.

கபடியையும் பைக் விபத்தையும் விரிவாக எழுதிவிட்டு, பாத்ரூமில் விழுந்ததைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். வழுக்கி விழுந்தது மூன்று மாதத்துக்கு முன். மறதி தொடங்கி ஒன்றரை மாதம். நடுவில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவது, மூளையைச் சுற்றியுள்ள உறைக்குக் கீழே மெதுவாகச் சேரும் ரத்தக்கசிவைத்தான். வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும். அப்போது மூளைக்கும் உறைக்கும் இடையே ஓடும் மெல்லிய ரத்தநாளங்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடி போதும், அவற்றில் ஒன்று கசிய ஆரம்பித்துவிடும். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாது. விழுந்த அன்று ஆள் நன்றாகத்தான் இருப்பார். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கசிந்து சேர்ந்து, மூளையை அழுத்தும்போதுதான் தலைவலி, தூக்கக் கலக்கம், மறதி, தடுமாற்றம் எல்லாம் வரும். ஒருநாள் நன்றாக இருப்பார், மறுநாள் மந்தமாக இருப்பார். வீட்டில் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவது இதனால்தான்.

அப்புறம் அந்தச் செருப்பு. தயவுசெய்து அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒரே பக்கக் கால் செருப்பு கழன்று விழுவதும் அது தெரியாமலே நடப்பதும் அந்தக் காலில் பலமோ உணர்ச்சியோ குறைந்திருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம். டாக்டரிடம் மறதியைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

கசிவுதான் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொல்ல முடியாது. தலைக்கு எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேன் சில நிமிட வேலை, அதில் தெரிந்துவிடும். எக்ஸ்ரே எடுத்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள்; எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தக்கசிவு தெரியாது. கசிவு இருந்து அது மூளையை அழுத்திக்கொண்டிருந்தால், மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்துவிடுவார்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் மறதிக்கான காரணங்களில் இந்த அளவுக்குச் சரிசெய்யக்கூடியவை குறைவு. சிறிய கசிவாக இருந்தால் ஆபரேஷன் இல்லாமல் கண்காணிப்பதும் உண்டு. சிலருக்கு வடித்த பிறகும் மறுபடி சேரும் என்பதால், திரும்பக் காட்டச் சொன்ன தேதியைத் தவறவிடக் கூடாது.

இதற்கிடையில் ஸ்டென்டுக்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதயத்துக்கு ஆபத்து. நிறுத்துவதா தொடர்வதா என்பதை நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். தலைவலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம். அவற்றில் சில ரத்தப்போக்கை அதிகமாக்கும். வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், கை கால் இழுப்பது, பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று வந்தாலும் 108தான். காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவும் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவும் உண்டு. இப்போதுள்ள நிலையில் புறநோயாளி சீட்டுக்கு நாள் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய், 'தலையில் அடி, ரத்தம் உறையாத மாத்திரை, இடது காலில் தடுமாற்றம்' என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு இருக்கட்டும்.

அவரை எப்படிக் கிளப்புவது? மறதி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். 'கால் ஒரு மாதிரி இழுக்குது, ஸ்டென்ட் வச்ச உடம்பு, காட்டிட்டு வந்துடுவோம்' என்று சொல்லுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை. நீங்கள் சொன்னால் கோபம் வருகிறது என்றால், அவர் தட்ட முடியாத ஆள் ஒருவர் இருப்பார் இல்லையா, மூத்த மச்சானோ பழைய கபடிக் கூட்டாளியோ, அவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மாமியார் திருநீறு போட ஆசைப்பட்டால் தாராளமாகப் போடட்டும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்துப் போடட்டும்.

ஸ்கேனில் கசிவு எதுவும் இல்லை என்றால் நிம்மதி, ஆனால் காலில் ஏன் தடுமாற்றம் என்று கேட்காமல் வராதீர்கள். மறதிக்கும் காரணம் தேட வேண்டும். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, உப்புச் சத்து இறங்குவது எல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், மன அழுத்தம், குடி, தூக்க மாத்திரை, இவையும் ஞாபகத்தைக் கெடுக்கும். குடிக்கிறாரா என்று டாக்டர் கேட்டால் கௌரவம் பார்க்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். தலையில் பலமாக அடிபட்டவர்களுக்குப் பல வருடம் கழித்தும் வலிப்பு வரலாம். அது கை கால் வெட்டுவதாக மட்டும் இருக்காது. கூப்பிட்டால் பதில் இல்லாமல் ஒரு நிமிடம் வெறித்துப் பார்ப்பது, வாயைச் சப்புக்கொட்டுவது என்றும் வரும். அந்த ஒரு நிமிடம் அவர் நினைவிலேயே இருக்காது, நமக்கு மறதியாகத் தெரியும். அப்படிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள், அதற்கு மாத்திரை இருக்கிறது.

ஞாபகத்தைச் சோதிக்க இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று வார்த்தை சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் கேட்பார்கள். படிப்பைப் பொறுத்து மதிப்பெண் மாறும். எத்தனாவது படித்தார், கடைக் கணக்கை முன்பு மனதாலேயே போடுவாரா என்பதை நீங்கள் எடுத்துச் சொன்னால்தான் டாக்டருக்கு வித்தியாசம் புரியும். இரட்டைக் கணக்கு விழுந்த அந்தக் கடன் நோட்டையும் எடுத்துப் போங்கள். என்னைக் கேட்டால், பல கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

மகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் பார்த்தது குத்துச்சண்டை வீரர்களைப் பற்றியதாக இருக்கும். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கியவர்களின் மூளை பாதிக்கப்படுவதைப் பற்றி 1928லேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதினார். அந்த நோயை உறுதிசெய்ய இன்றும் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தால்தான் உண்டு. உயிரோடு இருப்பவரைப் பார்த்து யூடியூப் உறுதிசெய்ய முடியாது. தலையில் பட்ட அடி பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. 2020ல் லான்செட் மருத்துவ இதழின் குழுவும் தவிர்க்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஆனால் வாய்ப்பு கூடும் என்பது வேறு, வந்தே தீரும் என்பது வேறு. 16 வருடம் கடையை ஒழுங்காக நடத்தியவருக்கு ஒன்றரை மாதத்தில் இப்படி ஆகியிருக்கிறது. பழைய அடியைவிட புதிய காரணத்தைத் தேடுவதுதான் நியாயம்.

அதற்காகப் பழைய கதை வேண்டாம் என்றில்லை. பைக் விபத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அதில் ஜி.சி.எஸ். என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால், வந்து சேர்ந்தபோது எவ்வளவு நினைவோடு இருந்தார் என்பதன் அளவு அது. 15 என்றால் முழு நினைவு, 8ம் அதற்குக் கீழும் கடுமையான காயம். தாள் கிடைக்காவிட்டால், எவ்வளவு நேரம் மயக்கம், விபத்துக்குப் பிறகு அவருக்கு ஞாபகம் வந்த முதல் விஷயம் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டிச் சாவி மகனிடம் இருக்கட்டும். கடன் நோட்டை நீங்கள் எழுதுங்கள், வாங்குபவரிடம் ஒரு கையெழுத்து போதும். வாடிக்கையாளர் முன்னால் அவரைத் திருத்த வேண்டாம். பாத்ரூம் தரையில் வழுக்காத மிதியடி போட்டு, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்திவிடுங்கள்.