ஃபேன் மாற்றினால் சூடு தணியுமா?

கேள்வி: நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதுதான் காரின் வெப்ப முள் ஏறுகிறது. நெரிசலில் தொந்தரவு இல்லை. ரேடியேட்டர் ஃபேன் போய்விட்டது என்று சொல்லிப் புதியது போட்டார்கள். சூடு அப்படியேதான் இருக்கிறது.

பதில்: உங்களுக்குத் தேவையே இல்லாத பொருளை விற்றிருக்கிறார்கள். கார் மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், அங்கே ஃபேனுக்கு அநேகமாக வேலையில்லை. நிற்கும்போதும் ஊரும்போதும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால்தான் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு நடப்பது நேர் எதிர். ரேடியேட்டருக்குள் அடைப்பு, ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் வால்வு, தேய்ந்த வாட்டர் பம்ப், குறைந்துபோன கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) என்று தேடியிருக்க வேண்டும். கழற்றிய பழைய ஃபேனைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி மின்சாரம் கொடுத்து உங்கள் கண்ணெதிரே சோதிக்கச் சொல்லுங்கள். அது நன்றாகச் சுற்றினால், பில்லோடு எழுத்து மூலம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

கேள்வி: வாங்கிய புது காரில் ஏசி போட்டாலே ஃபேன் சுற்றுகிறது. சில நேரம் எஞ்சினை அணைத்த பிறகும் சுற்றுகிறது. பழுதான காரா?

பதில்: இல்லை. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் அதே ஃபேன் காற்றில்தான் ஆறுகிறது. அணைத்த பின் கொஞ்ச நேரம் சுற்றுவதும் பல கார்களில் இயல்பு. அங்கே கை வைக்காதீர்கள். பேட்டரி தீரும்வரை நிற்காமல் சுற்றினால், ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஃபேனையும் எப்போதும் சுற்றும்படி 'டைரக்ட்' கொடுத்துவிட்டார். இப்போது முள் ஏறுவதே இல்லை. நல்லதுதானே?

பதில்: நல்லதே இல்லை. இந்த வேலையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. எஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் தவறு. பெரும்பாலான எஞ்சின்கள் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடவே வடிவமைக்கப்பட்டவை. அந்தச் சூட்டுக்கு வரும்வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். அது திறந்த பிறகும் சூடு ஏறி, ஏறத்தாழ 95 முதல் 105 டிகிரிக்குள் வந்தால் மின்சார ஃபேன் ஓடும். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் ஃபேன் ஓயாமல் சுற்றினாலும் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிராது. அதையும் கழற்றிவிட்டால் எரிபொருள் கூடுதலாகப் போகும், எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாது, உட்பாகங்கள் வேகமாகத் தேயும். அப்புறம் ஃபேனுக்கு 'டைரக்ட்' கொடுத்த அந்த வயர். ஃபேன் இழுப்பது சாதாரணமாகவே 10, 20 ஆம்பியர். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் இழுத்த வயர் உருகித் தீப்பிடிக்கலாம். இத்தனையும் எதற்காக? சென்சாரோ ரிலேவோ, ஏதோ ஒரு சின்னப் பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சோம்பல். இரண்டையும் பழையபடி மாட்டச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கூலி கொடுக்காதீர்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்து ஆன்லைனில் ஃபேன் வாங்கினேன். மாட்டினால் காற்று முன்பக்கம் போகிறது. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: மாடல், ஆண்டு, பாக எண் எதையும் ஒப்பிடாமல் படத்தை நம்பினால் என்ன செய்வது? முதலில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். மாறினால் மோட்டார் எதிர்த்திசையில்தான் சுற்றும்.

கேள்வி: 'இரண்டு மடங்கு காற்று' என்று அட்டையில் போட்ட ஃபேன் வாங்கலாமா?

பதில்: நானும் அப்படி ஒன்றை வாங்கியிருக்கிறேன். எதிரே ரேடியேட்டரே இல்லாமல், திறந்தவெளியில் அளந்த எண் அது. அதை எங்கும் சொல்லவில்லை. சுற்றிலும் பிளாஸ்டிக் கூடும் இல்லாததால் வட்டமாக நடுப்பகுதியில் மட்டும் காற்றை இழுத்தது, நான்கு மூலையும் வீண். நெரிசலில் பழைய ஃபேனைவிட மோசம். காற்றின் எண்ணை விட்டுவிட்டு எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 13 வோல்ட்டில் 7 ஆம்பியர் என்றால் சுமார் 90 வாட்தான். அதிலிருந்து புயல் வராது.

கேள்வி: ரேடியேட்டர் மூடி மலிவாகக் கிடைக்கிறது. அழுத்த எண் மட்டும் வேறு.

பதில்: வாங்காதீர்கள். அந்த அழுத்தம்தான் கூலன்ட்டைக் கொதிக்காமல் வைக்கிறது.