கேள்வி நேரம்: கண்காட்சி அரங்கில் நின்று என்ன கேட்பது?

கேள்வி: வரும் ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடக்கும் சாஸ்த்ரா தொழில்நுட்ப விழாவுக்கு என் பதினொன்றாம் வகுப்பு மாணவிகளை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். முன்பு வேறொரு கல்லூரி விழாவில், ‘உங்கள் கண்டுபிடிப்பு ஏன் முக்கியம்?’ என்று பிள்ளைகள் அரங்கு அரங்காகக் கேட்டார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது. வேறு எப்படிக் கேட்பது?
– பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: அந்தக் கேள்வி அரங்கில் நிற்பவர்களின் காதில் ஒரு நாளில் நூறு முறை விழுந்திருக்கும்; நடுவர்களுக்காக மனப்பாடம் செய்த ‘செலவு குறையும், சுற்றுச்சூழல் காக்கப்படும்’ என்ற பதில்தான் உங்கள் மாணவிகளுக்கும் கிடைத்திருக்கும். ‘இது வருவதற்கு முன் இந்த வேலையை யார், எப்படிச் செய்தார்கள்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். தில்லி ஐ.ஐ.டி.யில் மாணவர் செயல்திட்டமாகத் தொடங்கி 2014இல் வெளியான ‘ஸ்மார்ட்கேன்’ என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். பார்வையற்றோரின் வெள்ளைக் கோல் தரையில் கிடக்கும் கல்லையும் பள்ளத்தையும் காட்டிவிடும். ஆனால் தாழ்ந்து தொங்கும் மரக்கிளையையும், திறந்திருக்கும் ஜன்னல் கதவையும், நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கத்தையும் அது காட்டாது. முகத்திலும் நெஞ்சிலும் அடிபட்ட பிறகுதான் அங்கே ஒரு தடை இருந்ததே தெரியவரும். கோலின் கைப்பிடியில் பொருத்தும் அந்தக் கருவி, வௌவாலைப் போல மீயொலி அலைகளை அனுப்பி, முழங்காலுக்கு மேலே சுமார் மூன்று மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் தடைகளைக் கண்டறிந்து, அவை எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதை அதிர்வாக உள்ளங்கைக்குத் தெரிவிக்கிறது. ‘முழங்காலுக்கு மேலே’ என்ற இரண்டு சொற்களில் அது ஏன் முக்கியம் என்பது அடங்கிவிட்டது. பழைய கோலின் குறை எது என்று தெரிந்தவர்களால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

இன்னொரு கேள்வியும் உண்டு: ‘இதை வெளியே எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தீர்கள்?’ ஒரு கல்லூரி விழாவில், வயலின் ஈரத்தை அளந்து தானாகவே மோட்டாரை இயக்கும் பெட்டி ஒன்றின் அருகே நின்றிருந்த மூன்றாம் ஆண்டு மாணவரிடம் இதைக் கேட்டேன். அதுவரை ஆங்கிலத்தில் பொழிந்து கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தி, “ரெண்டு நாள்தான் சார். மூணாம் நாள் எலி ஒயரைக் கடிச்சிடுச்சு” என்றார். அதன் பிறகு கால் மணி நேரம், ஒயரைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்ததையும், மழை பெய்ததும் அந்தக் குழாயில் நீர் தேங்கி அளவு தாறுமாறாகக் காட்டியதையும் சொல்லிக்கொண்டே போனார். அன்று முழுவதும் நான் கேட்ட பேச்சில் உருப்படியானது அந்தக் கால் மணி நேரம்தான்.

கேள்வி: பட்டம் பெறாதவர்களின் கண்டுபிடிப்புக்கு ஐ.ஐ.டி. போன்ற பெரிய நிறுவனங்கள் மதிப்புக் கொடுக்குமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. கோவை அருணாசலம் முருகானந்தம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். குறைந்த விலையில் நாப்கின் தயாரிக்கும் அவருடைய எளிய இயந்திரம் 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டப்பட்ட பிறகுதான் வெளியுலகின் கவனத்தைப் பெற்றது. தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் விருதும், 2016இல் பத்மஸ்ரீயும் பின்னால் வந்தன. ‘ஏன் முக்கியம்?’ என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த விடை புள்ளிவிவரம் அல்ல. கடையில் நாப்கின் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கும் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று அவருடைய மனைவி சொன்னதுதான் அது. முதலில் பஞ்சில் செய்து பார்த்துத் தோற்று, கம்பெனிகள் பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸ் என்று கண்டறியவே அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. மேடையில் கைதட்டுகிறவர்கள் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்பது குறைவு என்பது என் மனக்குறை.

கேள்வி: நான் முதுகலை இயற்பியல் மாணவி. எங்கள் துறை அரங்கில் நிற்கும்போது, ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது? சில நேரம் அவமானமாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: இல்லாத பயனை அந்த இடத்தில் நின்று கற்பனை செய்து சொல்லாதீர்கள், நீங்கள் நாணவும் வேண்டாம். 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டியபோது, அது ‘தீர்வு இருக்கிறது, பிரச்சினையைத்தான் தேட வேண்டும்’ என்று கேலி செய்யப்பட்டது. 1974 ஜூனில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கடை ஒன்றில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பட்டைக் குறியீட்டை லேசர் ஒளி படித்தது. இன்று உங்கள் ஊர் மளிகைக் கடையில் ‘பீப்’ என்று கேட்கும் ஒலி அங்கே தொடங்கியதுதான். எனவே கேட்கிறவரிடம், ‘பயன் இன்னும் தெரியவில்லை, ஆனால் எங்களுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது, அது இது’ என்று சொல்லி, கருவியில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். அவசரம் உள்ளவர் அடுத்த அரங்குக்குப் போய்விடுவார். ஆர்வம் உள்ளவர் குனிந்து பார்ப்பார்.