மகன் தலசீமியா கேரியர். மகள் கல்யாணத்தை நிறுத்தணுமா?

கேள்வி: படிவம் 4 படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் ரத்தம் எடுத்தார்கள். பீட்டா தலசீமியா கேரியர் என்று கடிதம் வந்திருக்கிறது. "எங்க வம்சத்துல யாருக்கும் ரத்த நோய் கிடையாது, இது உன் பக்கத்துக் கோளாறு" என்கிறார் மாமியார். நான் தினமும் அவனுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறேன். மூத்த மகளை என் அண்ணன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். நிறுத்திவிட வேண்டுமா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்; அதற்கான பழுதான மரபணுவைச் சுமப்பவர்தான் கேரியர். கேரியருக்குச் சிவப்பணுக்கள் சிறியதாக இருக்கும், ஹீமோகுளோபினும் கொஞ்சம் குறையலாம். ரிப்போர்ட்டைப் பார்த்தால் இரும்புச்சத்துக் குறைவு போலவே தெரியும். ஆனால் அவன் உடம்பில் இரும்பு போதிய அளவு இருக்கலாம். உடம்பில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையில் குறைவு என்று தெரிந்தால் மட்டும் மாத்திரை கொடுத்தால் போதும்.

உங்கள் மகன் நோயாளி இல்லை. நம் உயிரணுக்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. அதனால் பெரும்பாலான மரபணுக்களும் இரண்டு இரண்டாக இருக்கின்றன. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அவனுக்கு அதில் ஒன்று பழுது, மற்றது நல்லது. அந்த ஒன்றே அவனுக்குப் போதும், ஓடலாம், பந்து விளையாடலாம். இரண்டும் பழுதானால்தான் தலசீமியா மேஜர். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வயதுக்குள்ளேயே நோய் தெரிந்துவிடும். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றவும் தனி மருந்து வேண்டும். ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்க, மறு கையால் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகளை வார்டில் பார்க்கும்போது மனசு கனத்துப் போகும். 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்கு இந்தச் சோதனை நடப்பதே அதைத் தவிர்க்கத்தான்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். கேரியருக்கு நோய் தெரியாது என்பதால், இந்தப் பழுதான மரபணு பல தலைமுறை சத்தமில்லாமல் இறங்கி வரும். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் நோயில்லை" என்பது எதையும் நிரூபிக்காது. உங்களிடமிருந்து வந்திருக்கலாம், உங்கள் கணவரிடமிருந்தும் வந்திருக்கலாம். யார் கொடுத்திருந்தாலும் அது யாருடைய தப்பும் இல்லை. தயவுசெய்து இதற்காக வீட்டில் ஒருவரும் உங்களைக் குத்திப் பேச இடம் கொடுக்காதீர்கள்.

இனி கல்யாணம். உங்கள் கணவரிடமிருந்து வந்திருந்தால், உங்கள் அண்ணன் வீட்டுக்கும் இந்த மரபணுவுக்கும் சம்பந்தமில்லை. உங்களிடமிருந்து என்றால், உங்கள் அண்ணனுக்கு இருக்க 2-ல் 1 வாய்ப்பு, அவர் மகனுக்கு 4-ல் 1. எப்படியானாலும் உங்கள் மகளுக்கு 2-ல் 1. அதனால் முதலில் மகளைச் சோதியுங்கள். அவளிடம் இல்லையென்றால், இந்த விஷயத்தில் அவள் யாரைக் கட்டினாலும் பயமில்லை. இருந்தால், பரிசம் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம் நோய்க்கு வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்தது தப்பிக்கும்" என்ற கணக்கு செல்லாது.

சொந்தத்தை விட்டு வெளியே கட்டினாலும் சோதனை வேண்டும். பீட்டா குளோபின் மரபணுவின் இன்னொரு மாற்றமான ஹீமோகுளோபின் ஈ-யின் கேரியர்கள் மலேசியாவில் நிறைய, பீட்டாவோடு சேர்ந்தால் அதுவும் கடுமையான தலசீமியாவைத் தரலாம். முறைப்பிள்ளை கல்யாணத்தில் இன்னொன்றும் உண்டு: மாமன் மகனும் அத்தை மகளும் சராசரியாக 8-ல் 1 பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள், அதனால் வேறு பரம்பரை நோய்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். இரண்டு வீட்டிலும் சிசு மரணமோ பிறவிக் காது கேளாமையோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். மகளோடு நீங்களும் கணவரும் சேர்ந்தே ரத்தம் கொடுத்துவிட்டால், யார் பக்கம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.