வேதிப் பொறியியல் படித்த மகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பணிக்குப் போகலாமா?

அன்புள்ள அம்மா,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேதிப் பொறியியல் இறுதியாண்டில் இருக்கும் மகள், ஆலை வேலையையும் மேற்படிப்பையும் விட்டுவிட்டு, ராணுவப் பொருள்களின் வணிகத்தையும் இருபயன்பாட்டுப் பொருள்களின் (அன்றாடத் தொழிலுக்கும் ராணுவத்துக்கும் பயன்படக்கூடியவை) வணிகத்தையும் ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் சார்ந்த பணிக்குப் போக விரும்புவதாகவும், அப்படியொரு துறை இருப்பதே தங்களுக்கு இப்போதுதான் தெரிய வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுப் படிப்பு வீணாகிவிடுமோ, ஆயுத வியாபாரத்தோடு மகளின் பெயர் சேர்ந்துவிடுமோ, தவறு நேர்ந்தால் வழக்கு, சிறை என்று போய்விடுமோ என்னும் மூன்று கவலைகள் கடிதத்தில் தெரிகின்றன. முதல் கவலைக்கே அதிக இடம் தருகிறேன். அது நீங்கினால் மற்ற இரண்டையும் நிதானமாகப் பார்க்க முடியும்.

ஒரு பொருள் நாட்டின் எல்லையைத் தாண்டும் முன் அதற்கு அரசின் உரிமம் தேவையா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்தால் முடிவு செய்கிறது. பல நாடுகள் சேர்ந்து பட்டியல் வகுக்கும் ஏற்பாடுகள் உண்டு: ஈரான்-ஈராக் போரில் வேதி ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டதைத் தொடர்ந்து 1985-இல் உருவான ஆஸ்திரேலியக் குழு, 1987-இல் தொடங்கிய ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு, மரபு ஆயுதங்களுக்கும் இருபயன்பாட்டுப் பொருள்களுக்குமாக 1996-இல் செயல்படத் தொடங்கிய வாசெனார் உடன்பாடு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஆனால் இந்த ஏற்பாடுகளால் எவரையும் தண்டிக்க முடியாது. தண்டிக்கும் வலிமை உள்நாட்டுச் சட்டத்துக்கே உண்டு. பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான பொருள்கள் மீது அப்படியொரு கட்டுப்பாட்டை எல்லா நாடுகளும் வைத்திருக்க வேண்டும் என்று 2004-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1540-ஆம் தீர்மானம் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருபயன்பாட்டுப் பொருள்களுக்கான 2018-ஆம் ஆண்டுச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021/821 என்னும் ஒழுங்குமுறையும், இந்தியாவில் 1992-ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகச் சட்டத்தின் கீழ் வரும் ஸ்கோமெட் என்னும் கட்டுப்பாட்டுப் பொருள் பட்டியலும், சீனாவில் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இதில் வேதிப் பொறியாளருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஐரோப்பியப் பட்டியலிலும் அமெரிக்கப் பட்டியலிலும் 2பி350 என்று ஒரு குறியீடு இருக்கிறது. முதலில் உள்ள 2, பொருள்களைப் பதப்படுத்தும் துறையைக் குறிக்கும். பி, சோதனைக் கருவிகளையும் உற்பத்திக் கருவிகளையும் குறிக்கும். அடுத்து வரும் 3, இந்தப் பதிவு ஆஸ்திரேலியக் குழுவின் பட்டியலிலிருந்து வந்தது, அதாவது வேதி ஆயுதம் பற்றிய அச்சத்தால் சேர்க்கப்பட்டது என்பதைச் சொல்லும். அதன்கீழ் வேதிவினைக் கலன்களும் பம்புகளும் வால்வுகளும் வருகின்றன. ஒரு வினைக்கலனின் உள் கொள்ளளவு 100 லிட்டருக்கு மேலும் 20,000 லிட்டருக்குள்ளும் இருந்து, திரவம் படும் பரப்பு முழுவதும் கண்ணாடிப் பூச்சாகவோ டான்டலம் என்னும் உலோகமாகவோ நிக்கலும் குரோமியமும் மிகுந்த உலோகக் கலவையாகவோ இருந்தால் அதற்கு உரிமம் தேவைப்படலாம். அதே அளவுள்ள கலனைச் சாதாரண துருப்பிடிக்கா எஃகில் செய்தால் அது இந்தப் பதிவுக்குள் வராது.

இந்த வேறுபாடு ஏன் என்பது தங்கள் மகளுக்கு உடனே விளங்கும். கடுமையாக அரிக்கும் திரவங்களை எந்த உலோகம் தாங்கும், எது தாங்காது என்பதை அவர் ஆய்வகத்திலேயே கற்றிருப்பார். சட்டம் மட்டும் படித்த ஒருவர் இந்த வரியைப் பத்து முறை படித்தாலும், வரைபடத்தைப் பார்த்து, கலன் எஃகாக இருந்தாலும் உள்ளே கண்ணாடி உருக்கிப் பூசப்பட்டிருக்கிறது, ஆகவே இது பட்டியலுக்குள் வரும் என்று சொல்வது கடினம். இந்தத் துறையில் வகைப்படுத்தல் என்று சொல்லப்படும் வேலை இதுதான். இங்கே தவறினால் அதன்பின் வரும் உரிம விண்ணப்பமும் சுங்க ஆவணமும் எல்லாமே தவறாகிவிடும். அவருடைய படிப்பு வீணாகாது என்று உறுதியாகச் சொல்கிறேன். ஏழெட்டு ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்கள்கூட அந்தப் படிப்பைத் தேடித்தான் வருவார்கள்.

பட்டியலில் இல்லாத பொருளும் மாட்டிக்கொள்ளலாம் என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். பேரழிவு ஆயுதத்துக்குப் பயன்படும் என்று தெரிந்திருந்தாலோ, சந்தேகிக்க இடமிருந்தாலோ, பட்டியலில் இல்லாத பொருளுக்கும் உரிமம் கேட்கும் பிரிவு பெரும்பாலான நாடுகளின் சட்டங்களில் உண்டு. ஆகவே, யார் வாங்குகிறார், எதற்காக, எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் வேண்டும். 2003-இல் ஒரு வணிகர், சிறுநீரகக் கல்லை உடைக்கும் மருத்துவக் கருவிக்கு என்று சொல்லி, தென்னாப்பிரிக்கா வழியாக, 200 மின்பொறி விசைகளை (மின்சாரத்தை நொடிப்பொழுதில் பாய்ச்சும் சுவிட்சுகளை) அமெரிக்காவிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார். ஒரு மருத்துவமனைக்கு அத்தகைய விசைகள் சிலவே போதும். அணுகுண்டை வெடிக்கச் செய்யும் அமைப்பிலும் அவை பயன்படும். சரக்கு உண்மையில் பாகிஸ்தானுக்குப் போகவிருந்தது. அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் ஐயம் எழ வேண்டும். அது பொருளை அறிந்தவருக்குத்தான் எழும்.

இரண்டாவது கவலைக்கு நேர்மையான பதில் இதுதான். அவர் ஆயுத உற்பத்தி நிறுவனத்தில் சேர்ந்தால், ஆயுத விற்பனைக்கான உரிம விண்ணப்பங்களைத் தயாரிப்பதும் அவர் வேலையாகும். அது மனத்துக்கு ஒப்புமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். ஒப்பவில்லையென்றால் வேறு இடங்கள் நிறைய உண்டு. வேதி இயந்திரங்கள், அளவுக் கருவிகள், மின்னணுப் பாகங்கள் ஆகியவற்றைச் செய்யும் நிறுவனங்கள், சரக்கு அனுப்பும் முகமைகள், வங்கிகள், ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள், அரசின் உரிமம் வழங்கும் அலுவலகங்கள், சுங்கத் துறை ஆகிய எல்லாவற்றிலும் இந்த அறிவு தேவைப்படுகிறது. என்னைக் கேட்டால், முதல் மூன்று ஆண்டுகளுக்கு இயந்திரம் செய்யும் நடுத்தர நிறுவனமே நல்லது. அங்கே பொருளைக் கையால் தொட்டுப் பார்த்து வகைப்படுத்தக் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது கவலை வெறும் அச்சம் அல்ல. ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம், பல அச்சுகளில் ஒரே நேரத்தில் இயங்கும் பெரிய துருவல் (மில்லிங்) இயந்திரங்களை, கட்டுப்பாட்டுக்குள் வராத எளிய இரண்டச்சு இயந்திரம் என்று காகிதத்தில் எழுதி சோவியத் ஒன்றியத்துக்கு விற்றது. நீர்மூழ்கிக் கப்பலின் சுழலிகளைச் செய்ய உதவிய அந்த விற்பனை 1987-இல் வெளியானபோது, தாய் நிறுவனமான தோஷிபாவின் தலைவர்களே பதவி விலக நேர்ந்தது. அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டுமென்றே மீறுவோருக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 20 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் 'வேண்டுமென்றே' என்ற சொல்லைக் கவனியுங்கள். தெரியாமல் நேர்ந்த தவறைத் தானே முன்வந்து அரசிடம் தெரிவிக்கும் நிறுவனத்திடம் அதிகாரிகள் பொதுவாகக் கடுமையைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே எங்கே சேர்வது என்பதில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். என்னிடம் ஆலோசனை பெற்ற ஒரு மாணவர் ஒரு நிறுவனத்தில் இந்தப் பணியில் சேர்ந்தார். அவருடைய மேலதிகாரி விற்பனைப் பிரிவின் தலைவராக இருந்தார். மாதக் கடைசியில், இலக்கை எட்ட வேண்டிய நேரத்தில், அந்த மாணவர் நிறுத்திவைத்த சரக்கு அவருக்குத் தெரியாமலே புறப்பட்டுவிட்டது. அவர் எட்டு மாதங்களில் விலகிவிட்டார். நான் அவரை விலகச் சொன்னது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். நேர்காணலில் தங்கள் மகள் கேட்க வேண்டிய கேள்வி, "ஒரு சரக்கை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா, அதை மாற்ற யாருக்கு அதிகாரம்?" என்பதாகும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ராணுவத் தொழில்நுட்பம் தொடர்பான பணிகளில் குடியுரிமையும் பின்னணிச் சோதனையும் தடையாகலாம். அமெரிக்காவின் ராணுவப் பொருள் விதிகளின்படி, தொழில்நுட்ப விவரத்தை உள்நாட்டிலேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டுவதும் ஏற்றுமதியாகக் கருதப்படும். வெளிநாட்டில் வேலை தேடுவதாக இருந்தால் இருபயன்பாட்டுப் பொருள்களின் பக்கமே அவருக்கு வாய்ப்பு அதிகம்.

அதிகக் கட்டணம் கேட்கும் சான்றிதழ் படிப்புகளில் இப்போதே சேர வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தம் கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு பம்பு, ஒரு வால்வு, ஒரு வேதிப்பொருள் ஆகிய மூன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கட்டுப்பாட்டுக்குள் வருமா, வராதா, எந்த அளவால் அல்லது எந்த உலோகத்தால் என்று பொருளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது அலுப்புத் தட்டாமல், அடுத்த கருவியையும் தேடிப் பார்க்க மனம் போகிறதா என்பதை அவரே கவனிக்கட்டும். அந்த மூன்று பக்கங்களோடு அவரை அடுத்த மாதம் என்னைப் பார்க்க வரச் சொல்லுங்கள். எந்த நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.