முன்பற்களுக்கு கேப் போட்டபின் பேச்சு குழறினால் சரியாகுமா?

மேல் முன்பற்கள் நான்குக்கும் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட்டு ஒரு வாரம் ஆகிறது, 'ஸ' சொன்னால் விசில் போல வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

'ஸ' ஒலிக்க, நாக்கு நுனிக்கு மேலே ஒரு குறுகிய இடுக்கு வழியாகக் காற்று வந்து முன்பற்களில் மோத வேண்டும். கேப்பின் உட்புறம் சற்றுத் தடித்தாலும் அந்த வழி மாறிவிடும்; நாக்கோ பழைய இடத்தையே தேடும். 'த', 'ந' சொல்லும்போது நாக்கு பல்லின் பின்புறத்தைத் தொடுவதால் அவையும் முதலில் மழுங்கலாம். பல் நீளம் கூடியிருந்தால் 'வ', 'ஃப' இடறும், கீழுதடு மேல்பல் விளிம்பைத் தொட வேண்டுமே. 'ட', 'ள', 'ழ' அண்ணத்தில் பிறப்பவை, அவ்வளவு பாதிப்பு இருக்காது.

தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளைச் சத்தமாக, நிதானமாக வாசியுங்கள். பஸ், சரஸ்வதி, தந்தை, விவசாயி போன்ற சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நாக்கால் கேப்பைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டாம், நுனி புண்ணாகும். பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடுகிறது.

ஒரு மாதம் ஆகியும் மாறாவிட்டால் பல் மருத்துவரிடம் போய், இடறும் சொற்களை அவர் எதிரிலேயே சொல்லிக் காட்டுங்கள். உட்புறத்தைக் கொஞ்சம் தேய்த்து மெருகேற்றினாலே பல சமயம் போதும். ஆனால் கடிக்கும்போது கேப் மட்டும் முதலில் இடித்தாலோ, வலித்தாலோ, ஆடினாலோ ஒரு மாதம் காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.

அப்புறம், இனிமேல் கேப் போடப்போகிறவர்கள் தற்காலிக கேப் இருக்கும்போதே நன்றாகப் பேசிப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் நீளத்தையும் தடிமனையும் மாற்றுவது மிகவும் எளிது.