ஒப்பந்தம் போடுமுன் நம்மை யார் கேட்டார்கள்?

கேள்வி: ஈரானுக்கு எண்ணெய்க் கடனுக்குப் பதில் தேயிலை, அமெரிக்காவின் புது வரி, இந்தியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் என்று இதழுக்கு இதழ் எழுதுகிறீர்கள். விடிந்தால் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு, பொழுது சாய்ந்தால் கொழுந்து நிறுவை என்று கிடக்கிற தோட்டத்துச் சனத்துக்கு இதெல்லாம் எதற்கு? கொழும்பில் படித்தவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?
- ஒரு வாசகர், பொகவந்தலாவை

பதில்: அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை மலையகத்தவரைவிட அதிகம் அனுபவித்தவர்கள் இந்த நாட்டில் இல்லை, ஐயா.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் மலையகத்து மக்களைப் பங்கிட்டுக் கையெழுத்திட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கையெழுத்துக்கு முன் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்துக்கும் வந்து ஒருவரும் கேட்கவில்லை. தேர்தலில் எதிர்ப்பைக் காட்டவும் வழியில்லை. 1948இல் குடியுரிமையையும் அடுத்த ஆண்டு வாக்கையும் பறித்தாயிற்றே. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிய ‘அழுகைக் கோச்சி’ என்ற ரயிலில் ஏறித் தலைமன்னார் போனவர்களில் அக்கா அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று பிரிந்த குடும்பம் எத்தனை என்று உங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடமே விசாரியுங்கள். எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம்.

சரி, அது பழைய கதை என்பீர்கள். 2017 டிசம்பரில் நம் தேயிலைப் பொதியில் வண்டு கிடந்தது என்று ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. அந்த நேரம் இங்கே கூரைத் தகடு செய்யப் பயன்படும் அஸ்பெஸ்டஸின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வர இருந்தது. அதை நமக்கு விற்கும் முக்கிய நாடு ரஷ்யா. சில நாட்களிலேயே நம் அரசாங்கம் அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. மாதம் முடிவதற்குள் ரஷ்யாவும் தடையை நீக்கியது. கூரைத் தகட்டை வாளால் அறுக்கும்போது மூக்கில் ஏறுகிற வெள்ளைத் தூசி இருக்கிறதே, அதிலுள்ள நார் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். நாம் பறித்த கொழுந்தையும் நம் தலைக்கு மேலுள்ள கூரையையும் ஒரே தராசில் வைத்தார்கள். அப்போதும் நம்மை யாரும் கேட்கவில்லை.

ஈரானுக்குக் கட்டவேண்டியிருந்த எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலர். அதைத் தேயிலையால் அடைக்க 2021 டிசம்பரில் உடன்பட்டார்கள். ஏற்றுமதியாளருக்கு இங்கே ரூபாவில் பணம் கொடுப்பது ஏற்பாடு. நாட்டின் கடனையே அடைக்கிற கொழுந்தைப் பறிக்கிறவர் அந்தப் பேச்சுவார்த்தையில் தனக்கு என்ன என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமா? அமெரிக்க வரியும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் நம் பொருள்களுக்கு 44 வீதம் என்றார்கள், ஓகஸ்டில் 20 ஆனது. தலவாக்கலையிலிருந்து கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகளின் ஓவர்டைம் அதில்தான் தொங்குகிறது.

இந்தியாவுடனான பாதுகாப்பு ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 5இல் கைச்சாத்தானது. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அயல் நாட்டோடு நட்பு வேண்டும். ஆனால் கையெழுத்துக்கு முன் அதன் வாசகம் மக்கள் முன் வைக்கப்படவில்லை. எல்லா வெளிநாட்டு ஒப்பந்தத்தையும் பாராளுமன்றம் அங்கீகரித்தே ஆகவேண்டும் என்ற பொதுவிதி நம் அரசமைப்பில் இல்லை. 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டமும் பாதுகாப்பு, வெளியுறவு என்றால் மறுக்க இடம் தருகிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த வாசலைத் தட்டலாம்.

இப்போது உங்கள் கையில் வாக்கு இருக்கிறது. அடுத்த முறை உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் தோட்டத்துக்கு வந்தால், கூரைத் தகடு கேட்கிற அதே மூச்சில் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியையும் கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம்.