ரப்பர் புழுவைச் சும்மா விடுங்கள்

தூண்டில் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

ஒன்ராறியோவில் ஜூன் மாதம் பிறந்தால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி, இங்குள்ள ஏரிகளில் வாழும் பாஸ் மீனைப் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறை முக்கால்வாசி. நாலு கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதலாவதுக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இரண்டு கோடையாக ஸ்கூகொக் ஏரிக்கரையிலுள்ள போட் பெரிக்குப் போய் வருகிறேன், அண்ணை. கடையில் சொன்னபடி சென்கோ என்ற ரப்பர் புழு, முள், தங்கூசி (தூண்டில் நூல்) எல்லாம் வாங்கினேன். எறிந்து இழுக்கிறேன். சிலவேளை டக்கென்று ஒரு தட்டு. தடியைச் சடாரென்று வெட்டி இழுத்தால் வெறும் முள்தான் வருகிறது. பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரக் கிழவர் அதே புழுவில் நாலைந்து பிடித்துவிட்டுப் போகிறார். நான் என்ன பிழை விடுகிறேன்?"
— ஏஜக்ஸிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, "எறிந்து இழுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இழுப்பில்தான் பிழை.

இதே பிழையை நானும் ஒரு கோடை முழுக்க விட்டேன். நான் வவுனிக்குளத்தில் விரால் பிடித்துப் பழகியவன். விராலுக்குத் தவளையைக் குத்தித் தண்ணீர் மேலே தத்தத் தத்த இழுக்க வேண்டும். இரை ஓடினால்தான் அதற்கு ரோசம் வரும். அந்தப் பழக்கத்தோடு, இரவு வேலை முடிந்ததும் நேரே ஸ்கூகொக் ஏரிக்கரைக்குப் போய், தேத்தண்ணிப் போத்தலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சென்கோவையும் தவளை மாதிரியே இழுத்தேன். உள்ளங்கை அகலச் சன்ஃபிஷ் இரண்டு மூன்று கிடைத்தன. பாஸ் ஒன்றுகூட இல்லை.

ஒருநாள் விசர் பிடித்து, வீட்டுக் குளியல் தொட்டியை நிரப்பிப் புழுவை அதற்குள் போட்டுப் பார்த்தேன். "உள்ளே நின்று என்னத்தைச் செய்யிறியள்?" என்று மனுசி கதவைத் தட்டினா. நான் பார்த்தது இதுதான். புழுவின் நடுவில் முள்ளைக் குத்தித் தங்கூசியைத் தளர விட்டால், அது கிடையாகக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது இரண்டு முனையும் நடுங்குகின்றன. இழுத்த உடனே நடுக்கம் நின்று, மடிந்த முருங்கைக்காய் போல வருகிறது. நான் ஒரு கோடை முழுக்க மீனுக்குக் காட்டியது அந்த முருங்கைக்காயைத்தான்.

சென்கோவுக்குள் உப்பை நிறையக் கலந்து வார்க்கிறார்கள். அந்தப் பாரத்தில்தான் ஈயம் கட்டாமலே தாழ்கிறது. தாழும் நேரத்தில்தான் மீனும் எடுக்கும். ஆகவே எறியுங்கள், ரீலை மூடுங்கள், தங்கூசி கொஞ்சம் தளர்வாகக் கிடக்கட்டும். பிறகு கையைச் சும்மா வைத்திருங்கள். அடியில் பட்டதும் ஒரு பத்து எண்ணுங்கள். தடி நுனியை ஒரு முழம் மெதுவாக உயர்த்தி, திரும்பவும் தாழ விடுங்கள். அவ்வளவுதான் வேலை. கேட்க லேசாக இருக்கும். காலை ஆறு மணிக்கு ஒன்றும் கடிக்காமல் நிற்கும்போது கை தன்பாட்டில் ரீலைச் சுற்றத் தொடங்கும் பாருங்கள், அதைத்தான் அடக்க வேண்டும்.

அடுத்தது அந்த "டக்". பாஸ் இரையைப் பல்லால் கடித்து இழுப்பதில்லை. வாயைத் திடீரென்று அகலத் திறக்கும்; தண்ணீரோடு சேர்ந்து புழுவும் உள்ளே போய்விடும். பிடிக்கவில்லையென்றால் அதே வேகத்தில் துப்பும். இவ்வளவும் நடந்து முடிந்தாலும் கைக்கு ஒன்றும் எட்டாமல் போகலாம். கண்ணுக்குத்தான் தெரியும். நேராகக் கிடந்த தங்கூசி பக்கவாட்டில் நகரும், அல்லது ஒருமுறை துள்ளும். இன்னொன்றும் இருக்கிறது: ஓரிடத்தில் புழு தரையைத் தொட நீங்கள் வழக்கமாகப் பதினைந்து எண்ணுவீர்கள் என்றால், ஒருதரம் எட்டிலேயே தங்கூசி தொய்ந்து நின்றால் அங்கே தரை உயர்ந்துவிடவில்லை, மீன் எடுத்துவிட்டது. டக்-டக்-டக் என்று தையல் மெஷின் மாதிரித் தட்டினால் அது வாலைக் கொத்துகிற சன்ஃபிஷ். அதற்கு வெட்டி இழுத்துத்தான் உங்களுக்கு வெறும் முள் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நடுவில் குத்தும் இந்த முறைக்கு வாக்கி ரிக் என்று பெயர். இதில் முள்ளின் கூர் வெளியே நிற்கிறது, முள்ளும் மெல்லியது. ஆகவே கோடரி வீசுவது போலத் தடியை வீச வேண்டாம். தளர்வைச் சுற்றி எடுத்து, பாரம் தெரிந்ததும் தடியைப் பக்கவாட்டில் அழுத்திச் சாயுங்கள், போதும்.

சாமான் பற்றியும் கேட்பீர்கள். ஏழடிக்குக் கிட்டிய மீடியம் ஸ்பின்னிங் தடி, 2500 அளவு ரீல், அதில் 10 றாத்தல் பாரம் தாங்கும் பின்னல் தங்கூசி. நான் மஞ்சள் நிறம் வைத்திருக்கிறேன், கண் பார்வை குறைந்தவனுக்கு அதுதான் தெரியும். நுனியில் இரண்டு பாகம் நீளத்துக்கு 8 றாத்தல் ஃபுளோரோகார்பன் தங்கூசி. முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள்; காய்ந்த முடிச்சு உராயும் சூட்டில் பழுதாகும். புழு நிறம் கிரீன் பம்ப்கின் என்கிற மங்கிய பச்சை. கடையில் அறுபது நிறம் தொங்கும், அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் மட்டும் கறுப்பில் நீலம் கலந்தது ஒரு பை.

ரப்பர் புழு என்று நானும் எழுதிக்கொண்டிருக்கிறேனே, அதில் ரப்பரே கிடையாது, மென்பிளாஸ்டிக். 1949இல் ஒஹையோவின் அக்ரன் நகரத்தில் நிக் கிரீம் என்ற மனிதர்தான் பிளாஸ்டிக்கை வார்த்து இப்படிப் புழு செய்யத் தொடங்கினார். அக்ரனோ ரயர் செய்கிற, ரப்பருக்குப் பேர்போன ஊர். அந்த ஊரில் ரப்பர் இல்லாமல் ஒரு புழு!

"நானும் பன்னிரண்டு வயது மகளும் வார இறுதியில் ஸ்கூகொக்குக்குப் போகிறோம். ஒவ்வொரு எறிக்கும் ஒரு கூடை பாசிதான் வருகிறது. புழுவும் கிழிந்து கிழிந்து விழுகிறது. பத்துப் புழு உள்ள ஒரு பை ஒரே காலையில் முடிந்துவிட்டது. மகள் அலுத்துப்போனாள்."
— மார்க்கத்திலிருந்து ஒரு தாயார்

ஸ்கூகொக் ஆழமில்லாத ஏரி, தங்கச்சி. பல இடங்களில் வெயில் அடிவரை போகும். அதனால் கோடை நடுவில் பாசி மேலே வரைக்கும் எழும்பி நிற்கும். பெரிய வாய் பாஸுக்கு அது வீடு, நமக்குத்தான் தொல்லை. பாசி ஓரத்தில் வாக்கி ரிக் போடலாம். பாசிக்குள் போடுவதென்றால் ரெக்சாஸ் ரிக்தான். தோட்டா வடிவ ஈயம் ஒன்றைத் தங்கூசியில் கோத்து, கழுத்து வளைந்த 3/0 அளவு முள்ளைக் கட்டுங்கள். புழுவின் தலையில் முள்ளைக் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, கூரைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்து விடுங்கள். கூர் மறைந்திருந்தால் பாசி சிக்காது. புழு நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் சுழன்று தங்கூசியை முறுக்கிவிடும், கழற்றித் திரும்பக் குத்துங்கள். மகளைக் குத்த விடுங்கள், சின்ன விரலுக்கு இது நன்றாக வரும்.

ஏஜக்ஸ் தம்பிக்குச் சாய்த்தால் போதும் என்று சொன்னேன். ரெக்சாஸ் ரிக்குக்கு அது சரிவராது. கூர் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வந்துதான் மீன் வாயில் ஏற வேண்டும். ஆகவே இங்கே பலமாக வெட்டத்தான் வேண்டும்.

காசுக்கு ஒரு வழி: வாக்கி ரிக்குக்குப் புழுவின் நடுவில் ஒரு சின்ன ஓ-வளையத்தை ஏற்றி, முள்ளைப் புழுவில் குத்தாமல் வளையத்துக்குக் கீழே கோத்துவிடுங்கள். ஒரு புழுவில் ஏழெட்டு மீன்கூடப் பிடித்திருக்கிறேன். அப்படியும் கிழிந்தால் எறியாதீர்கள். பாதியாக வெட்டி வைத்தால் அடுத்த பதிலில் வரும் நெட் ரிக்குக்கு ஆகும். இனி ஒன்றுக்கும் ஆகாது என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போடுங்கள். தண்ணீருக்குள் போட்டால் மீன் விழுங்கி வயிற்றில் ஊதிக் கிடக்கும்.

"நான் சிம்கோ ஏரியில் பாறைக்கரையில் நின்று பிடிக்கிறேன். இங்கே சின்ன வாய் பாஸ்தான். ஐந்து அங்குலப் புழுவைப் பின்தொடர்ந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. என்ன செய்யலாம்?"
— பேரியிலிருந்து ஒரு வாசகர்

சிறிதாக்குங்கள். கான்சாஸ்காரரான நெட் கெடி என்ற தூண்டில் எழுத்தாளரின் பெயரால் வந்தது நெட் ரிக். காளான் தலை போன்ற சிறு ஈயம், அதன் பின்னால் இரண்டரை அங்குலத் துண்டுப் புழு. பார்த்தால் சிகரெட் அடிக்கட்டை. முதல் முதலாகக் கண்டபோது சிரித்தேன். இப்போது ஒரே ஒரு இரையோடுதான் போகலாம் என்றால் அதைத்தான் எடுத்துப்போவேன்.

எறிந்து அடியில் இருக்க விட்டு, பாறை மேல் மெதுவாக இழுத்துவாருங்கள். சிம்கோவில் கோபி என்ற சிறு மீன் வந்து குடியேறிவிட்டது. கருங்கடல், காஸ்பியன் பக்கத்து மீன் அது. கப்பல்கள் ஆடாமல் இருக்க அடியில் ஏற்றிவரும் நிலைப்பாரத் தண்ணீரோடு பெரிய ஏரிகளுக்கு வந்து சேர்ந்தது. பாறையோடு ஒட்டி, தத்தித் தத்தி நகரும். சின்ன வாய் பாஸ் அதைத் தின்றுதான் கொழுக்கிறது. உங்கள் சிகரெட் கட்டை அதற்குக் கோபியாகத் தெரியும்.

ஆழத்தில் நிற்கிற மீனுக்கு ட்ரொப்ஷொட் நல்லது. பாரம் அடியில், முள் அதற்கு ஒரு முழம் மேலே, நுனி மூக்கில் குத்திய மூன்று அங்குலப் புழு. பாரம் தரையில் கிடக்க, புழு மீனின் கண்மட்டத்தில் மிதக்கும். ஆட்ட வேண்டாம், உங்கள் கை நடுக்கமே போதும். முடிந்தால் ஈயத்தை விட்டு டங்ஸ்டனுக்கு மாறுங்கள். விலை கூட. ஆனால் அறுந்து விழுந்த சின்ன ஈயக்குண்டை லூன் பறவை கல்லென்று விழுங்கிச் செத்துப்போகிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டு தூண்டிலுக்கு 1997இலிருந்தே தடை.

ஒரு எச்சரிக்கை. நெட் ரிக்குக்கென்று இழுபடக்கூடிய, மிதக்கக்கூடிய ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த புழுக்கள் உண்டு. சீ-மான் நிறுவனம் எலாஸ்டெக் என்று விற்பது அது. லேசில் கிழியாது, அடியில் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை மட்டும் சாதாரண ரப்பர் புழுவோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். நான் வைத்தேன், யூலை மாதம், கார் டிக்கிக்குள். திறந்தபோது எல்லாம் உருகி, அடிப்பிடித்த தொதல் மாதிரிக் கிடந்தது. பெட்டியையே எறிய வேண்டியதாயிற்று.

"போன வருடம்தான் மகனோடு வந்து குடியேறினேன். வயது 68. மே மாதம் வீட்டுக்குக் கிட்டிய குளத்தில், கரையோரம் வட்டமாகத் துப்புரவாக்கிய இடங்களில் மீன் அசையாமல் நிற்கக் கண்டேன். கையாலேயே பிடிக்கலாம் போல இருந்தது. மகன் பிடிக்கக்கூடாது என்று தடுத்துவிட்டான். ஏன்? எனக்கு லைசென்ஸ் வேண்டுமா? இந்த மீனைக் குழம்பு வைக்கலாமா?"
— பிரம்ப்ரனிலிருந்து ஒரு பெரியவர்

ஐயா, உங்கள் மகன் செய்தது சரி. நீங்கள் கண்டது பெரும்பாலும் ஆண் பாஸ். வாலால் அடித்துக் குழி துப்புரவாக்கி, பெண் மீன் முட்டை இட்டுப் போனபிறகு காவல் நிற்பது ஆண்தான். குஞ்சு பொரித்த பிறகும் கொஞ்ச நாள் கூடவே திரியும். நம் ஊர் விராலும் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே நின்று காக்கும், கண்டிருப்பீர்கள். காவல்காரனை ஐந்து நிமிடம் தூக்கினாலே சன்ஃபிஷும் பேர்ச்சும் வந்து முட்டையைக் காலி செய்துவிடும். அதனால்தான் காலத்தடை. ஸ்கூகொக்கும் கவார்த்தா ஏரிகளும் இருக்கும் 17ஆம் மீன்பிடி வலயத்தில் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை பாஸ் திறக்கும். வலயத்துக்கு வலயம் மாறுவதால் மாகாணத்தின் மீன்பிடி விதிகளை மகனிடம் சொல்லி ஒவ்வொரு வருடமும் பாருங்கள்.

65 வயதான அல்லது அதைத் தாண்டிய ஒன்ராறியோவாசி லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. ஆனால் பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரசாங்க அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்க வேண்டும். தடையும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உங்களுக்கும் உண்டு. 17ஆம் வலயத்தில் இரண்டு வகைப் பாஸும் சேர்த்து ஆறுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

குழம்பு வைக்கலாம், ஐயா. பெரியதை விட்டுவிட்டு நடுத்தர அளவில் ஒன்றிரண்டு எடுங்கள். பெரிய மீனில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதத்தில் எத்தனை தடவை தின்னலாம் என்று மாகாண அரசே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. தோலில் கறுப்புப் புள்ளி கண்டால் பயப்பட வேண்டாம், அது ஒரு ஒட்டுண்ணி, நன்றாக வெந்தால் ஒன்றும் செய்யாது. தோலை உரித்துவிடுங்கள், சேற்று மணம் பாதி அதோடு போய்விடும். மீதிக்குத் தேசிக்காய்ப் புளியும் மஞ்சளும் பிரட்டி அரை மணி நேரம் வைத்துக் கழுவுங்கள். எங்கள் வீட்டில் பழப்புளியைக் கொஞ்சம் கூட விட்டு, வெந்தயம் போட்டுத்தான் வைப்பது. விரால் குழம்பின் ருசி வராது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொரித்தால் நல்லாயிருக்கும்.